"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" - செல்லக் கெக்கோ பல்லிகள் 'திடீரென' இறப்பது ஏன்?

ஆசையாக வளர்த்த கெக்கோ ஒருநாள் காலையில் பெட்டிக்குள் அசையாமல் கிடக்கிறது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றுதான் பலரும் கேட்பார்கள்.

பெரும்பாலும் அது நேற்றே நலமாக இருந்திருக்காது. வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் நோயுடன் போராடியிருக்கும். நம் கண்ணில்தான் படவில்லை.

ஏன் தெரிவதில்லை?

பாம்பு, பறவை என்று பல்லிக்கு எதிரிகள் ஏராளம். சோர்ந்து கிடந்தால் அவற்றுக்கு இரையாகிவிடும். அதனால் முடிந்தவரை நோயை மறைத்துக்கொள்வது அதன் இயல்பு.

பலரும் விரும்பி வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. பகலெல்லாம் பதுங்கியிருக்கும், இருட்டிய பிறகுதான் வெளியே வரும். தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்திருப்பதால் சரியாகச் சாப்பிடாமலே பல நாள் தாக்குப்பிடிக்கும். அந்தச் சேமிப்பு தீரும்போதுதான் நமக்கு விஷயம் தெரியவரும்.

நன்றாகப் பராமரித்தால் 15 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடிய உயிர் அது. இளம் வயதிலேயே இறந்தால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிட முடியாது.

வால் குச்சியாகிறதா? கவனம்!

கிரிப்டோ என்றதும் மின்னிலக்க நாணயம் நினைவுக்கு வரலாம். இது வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. அதில் ஒரு வகை கெக்கோவின் குடல் சுவரைத் தாக்குகிறது. சாப்பிட்டாலும் சத்து உடலில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வாந்தி, பசியின்மை என்று தொடங்கி, கடைசியில் வால் குச்சிபோல் மெலிந்துவிடும்.

இதில் மூன்று சிக்கல்கள் உண்டு:

- வெளியே தெரியாமல் பரவும். பார்க்க நலமாக இருக்கும் பல்லியின் எச்சத்திலும் கிருமி வெளியேறலாம்.
- ஒரே பரிசோதனை போதாது. கிருமி எல்லா நாளும் எச்சத்தில் வெளிவருவதில்லை. ஒருமுறை 'இல்லை' என்று வந்தாலும் சில வாரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.
- குளோரினுக்கு அசையாது. வீட்டில் பயன்படுத்தும் பிளீச் அதன் கெட்டியான உறையை அழிப்பதில்லை. கடும் வெப்பமும் முழுமையாகக் காயவைப்பதும் பலன் தரும்.

நோயை அடியோடு நீக்கும் நம்பகமான மருந்து இல்லை. சில மருந்துகள் கிருமியைக் குறைத்து அறிகுறிகளைத் தணிக்கலாம். அதனால் வராமல் தடுப்பதுதான் முக்கியம்.

எல்லாவற்றுக்கும் கிரிப்டோதான் காரணமா?

இல்லை. பராமரிப்புக் குறைகளாலும் நிறைய பல்லிகள் இறக்கின்றன.

- குளிர்: பல்லியால் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. சாப்பிட்டது செரிக்க வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். லெப்பர்ட் கெக்கோவுக்குப் பெட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. "நம்ம ஊரு வெயிலே போதும்" என்று நினைத்து, இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் வெப்பத்தட்டு இல்லாமல் வைத்தால் சிக்கல்தான்.
- கால்சியம் குறைவு: பூச்சிகளில் கால்சியம் குறைவு. கால்சியமும் வைட்டமின் டி3-உம் கிடைக்காவிட்டால் எலும்பு மென்மையாகும். கால் வளையும், தாடை தளரும், உடல் நடுங்கும்.
- மணல்: இரையோடு சேர்த்து விழுங்கிய மணல் குடலை அடைத்துவிடலாம். அதனால் பெட்டியின் தரையில் காகிதத் துண்டு விரிப்பது பாதுகாப்பானது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் கைத்தொலைபேசியில் குறித்து வையுங்கள். 60 கிராம் இருந்த பல்லி 54 கிராமாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். அது பத்தில் ஒரு பங்கு இழப்பு. காத்திருக்க வேண்டாம், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். புதிய எச்சத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

அடுத்து, புதிதாக வாங்கியதை உடனே பழையதோடு சேர்க்காதீர்கள். மூன்று மாதம் தனி அறை, தனித் தண்ணீர்க் கிண்ணம், தனி இடுக்கி. பழைய பல்லியைக் கவனித்த பிறகே புதியதைத் தொடுங்கள். ஒரு பெட்டியில் மீந்த பூச்சியை இன்னொன்றில் போடாதீர்கள்.

வாங்கும் முன் சட்டத்தையும் பாருங்கள். மலேசியாவில் அந்த இனத்துக்கு உரிமம் தேவையா என்று பெர்ஹிலித்தானிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் எந்தக் கெக்கோவையும் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை.

நமக்கும் தொற்றுமா?

பல்லிகளைத் தாக்கும் இந்தக் கிரிப்டோ வகை மனிதர்களுக்குத் தொற்றுவதாகத் தெரியவில்லை. ஆனால் நலமான பல்லியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். பல்லியின் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

இறந்துவிட்டால்?

மனம் கனத்தாலும், உடனே புதைத்துவிடாதீர்கள். உடலைப் பரிசோதித்தால்தான் காரணம் தெரியவரும். பையில் போட்டு, உணவுப் பொருள்களிலிருந்து தள்ளி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும்.

அத்தகைய பரிசோதனை என்ன செய்யும் என்பதற்குக் கிறிஸ்துமஸ் தீவு ஒரு சான்று. அங்கு அழியும் நிலையிலிருந்த லிஸ்டர் கெக்கோவையும் நீலவால் அரணையையும் காப்பாற்ற, கூண்டுகளில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 2014-இல் முகம் வீங்கிச் சில பல்லிகள் இறந்தன. ஆய்வாளர்கள் திசுக்களைப் பரிசோதித்து, அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். காரணம் தெரிந்த பிறகுதான் மற்றவற்றைக் காக்கும் வழிகளைத் தேட முடிந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படித்தான். காரணம் தெரியும்வரை காலிப் பெட்டியில் இன்னொரு பல்லியை விடாதீர்கள். முதல் பல்லியைக் கொன்றது அந்தப் பெட்டிக்குள்ளேயே காத்திருக்கலாம்.