சந்தையும் குரலும்

கண்ணாற் காணாத பொருளை, முகமறியாத ஒருவரிடம் வாங்குவோனுக்கு ஐயம் எழுதல் இயல்பே. பழைய மோட்டார் வண்டிக்கு விலைபேசுவோன் நாலு கேள்வி கேளாமற் பணம் கொடான். எழுத்தில் மறுமொழி வருமுன் ஆசையும் ஆறிவிடும். அமெரிக்க இணையச் சந்தையாகிய ஈபே, 2005இல் ஏறத்தாழ 260 கோடி டொலருக்கு ஸ்கைப் என்னும் இணையத் தொலைபேசிச் சேவையை வாங்கியமைக்கு இதுவே தலையாய காரணம். இரு சாராரும் வாய்திறந்து பேசினால் வியாபாரம் விரைவில் முடியும். அழைப்புக்கு இவ்வளவென விற்போரிடம் கட்டணமும் பெறலாம் என எண்ணினர். ஆனால், சில்லறைப் பொருளுக்குப் பேச்செதற்கு? பெரும்பாலோர் மின்னஞ்சலோடு அமைந்தனர். 2007இல் ஏறக்குறைய 140 கோடி டொலர் நட்டமாக எழுதப்பட்டது. 2009இல் பெரும்பங்கு கைமாறியது. எனினும் ஸ்கைப் சோடைபோன சரக்கன்று. 2011இல் மைக்ரோசொப்ட் அதனை 850 கோடி டொலருக்கு வாங்கியபோது, ஈபே விடாது வைத்திருந்த ஏறத்தாழ 30 வீதப் பங்குக்கும் நல்ல விலை கிடைத்தது.