டாலர் வருகிறது, ஓய்வூதியம் வருமா?

வெளிநாட்டில் உழைக்கும் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது அரசு. ஆனால் பெரும்பாலோர் விஷயத்தில் முதலாளி கட்ட வேண்டிய பங்கும் தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் கால் வைக்க இடம் கிடைப்பது அரிது. வங்கிக் கட்டடங்களின் நிழலிலும் நடைமேம்பாலங்களிலும் அட்டைகளை விரித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பிலிப்பைன்ஸ் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் பிறர் வீட்டுக் குழந்தைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்பவர்கள் இவர்கள். இவர்களுக்கு வயதாகும்போது யார் கவனித்துக்கொள்வார்கள்?

அவர்கள் உழைக்கும் நாடுகள் இதைத் தங்கள் பொறுப்பாக நினைப்பதில்லை. ஹாங்காங் 2000 டிசம்பரில் எல்லா ஊழியர்களுக்கும் கட்டாயச் சேமநிதித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது வீட்டுப் பணியாளர்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வளைகுடா நாடுகளின் ஓய்வூதியச் சட்டங்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. கம்பெனி ஊழியர் என்றால் வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு தொகை பணிக்கொடையாகக் கிடைக்கும். வீட்டு வேலைக்குப் போனவர்களுக்கு அதுவும் பல சமயம் கிடையாது.

ஆக, பொறுப்பு சொந்த நாட்டின் மீது விழுகிறது. பிலிப்பைன்ஸுக்கு இதைத் தட்டிக்கழிக்க முகாந்திரமும் இல்லை. அந்நாட்டுப் பொருளாதாரம் நிமிர்ந்து நிற்பதே இவர்கள் அனுப்பும் பணத்தால்தான். 2024-ல் வங்கிகள் வழியாக மட்டும் வந்து சேர்ந்த தொகை ஏறத்தாழ 3,450 கோடி டாலர். 2023-ம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நாட்டவர் சுமார் 21.6 லட்சம். இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். ஐந்தில் ஒருவர் சவூதி அரேபியாவில் இருக்கிறார்.

இதெல்லாம் தொடங்கியது 1974-ல். அதிபர் மார்க்கோஸ் கொண்டுவந்த தொழிலாளர் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்பை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. எண்ணெய்ப் பணத்தில் மிதந்த வளைகுடாவுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். மணிலாவுக்கு டாலர் தேவைப்பட்டது. தற்காலிக ஏற்பாடு என்று கருதப்பட்டது தலைமுறைகளைத் தாண்டி நீடித்துவிட்டது. 1988-ல் அதிபர் கொரசான் அகினோ இவர்களைப் ‘புதிய வீரர்கள்’ என்று புகழ்ந்தார். 1995 மார்ச்சில் ஃப்ளோர் கான்டெம்ப்ளாசியன் என்ற பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது நாடே கொந்தளித்தது. மூன்றே மாதத்தில் புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஆனால் முதுமைக்கான பாதுகாப்பு அப்போதும் பின்வரிசையிலேயே நின்றது.

விருப்பம் கட்டாயமான கதை

மணிலாவில் ‘சமூகப் பாதுகாப்பு அமைப்பு’ என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. சுருக்கமாக எஸ்.எஸ்.எஸ். நம் ஊர் பிராவிடண்ட் ஃபண்டும் இ.எஸ்.ஐ.யும் சேர்ந்தது போன்ற ஓர் அமைப்பு. 1954-ல் சட்டமாகி 1957-ல் செயல்படத் தொடங்கியது. தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். நோய், பிரசவம், ஊனம், வேலையிழப்பு, முதுமை, மரணம் என்று ஒவ்வொன்றுக்கும் அதிலிருந்து உதவி கிடைக்கும். சந்தா ஒழுங்காகக் கட்டிய பெண்ணுக்குப் பிரசவத்தின்போது 105 நாட்களுக்கான தொகை உண்டு. குடும்பத்தைக் காப்பாற்றுபவர் இறந்துபோனால், 36 மாதச் சந்தாவாவது கட்டியிருக்கும் பட்சத்தில், குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம் கிடைக்கும்.

உள்நாட்டுத் தொழிலாளிக்கு இது கட்டாயம். கடலோடிகளை 1988-ல் போடப்பட்ட ஓர் ஒப்பந்தம் உள்ளே கொண்டுவந்தது. வெளிநாட்டு மண்ணில் வேலை செய்பவர்களுக்கோ நெடுங்காலம் விருப்பத்தைப் பொறுத்த விஷயமாகவே இருந்தது. கடனை அடைக்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், கூரையை மாற்றவும் வெளிநாடு போனவர்களுக்கு அறுபது வயதைப் பற்றி யோசிக்க நேரம் ஏது?

2019 பிப்ரவரியில் அதிபர் டுடெர்டே கையெழுத்திட்ட புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. அறுபது வயதைத் தாண்டாத எல்லா வெளிநாட்டுத் தொழிலாளர்களும் எஸ்.எஸ்.எஸ்.ஸில் கட்டாய உறுப்பினர்கள் ஆனார்கள். முதல் பார்வைக்கு இது பெரிய வெற்றி. சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது: சந்தாவை யார் கட்டுவது?

கடலுக்கு ஒரு நியாயம்

கப்பல் தொழிலாளர்கள் விஷயத்தில் சட்டம் உறுதியாக நின்றது. கப்பலின் சொந்தக்காரர் கிரீஸிலோ நார்வேயிலோ இருக்கலாம். ஆனால் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ஸி மணிலாவில்தான் இருக்கிறது. அதையே முதலாளியாகக் கருத வேண்டும் என்றது சட்டம். முதலாளியின் பங்கை ஏஜென்ஸி கட்டியாக வேண்டும். ஏஜென்ஸிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. மற்றத் தொழிலாளர்களின் ஏஜென்ஸிகளுக்கு இல்லாத சுமை தங்களுக்கு மட்டும் ஏன் என்பது அவற்றின் வாதம். 2020 ஜூலையில் நீதிமன்றம் அதை நிராகரித்தது.

நிலத்தில் வேலை செய்பவர்களின் கதை வேறு. ரியாத்தில் இருக்கும் வீட்டு எஜமானரிடம் எஸ்.எஸ்.எஸ். எப்படி வசூல் செய்ய முடியும்? மணிலாவின் சட்டம் அங்கே செல்லாது. எனவே சட்டம் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தது. அந்தந்த நாட்டோடு ஒப்பந்தம் ஏற்படும்வரை இவர்களைச் சுயதொழில் செய்பவர்களாகவே நடத்துவது என்பதுதான் அது. இரண்டு பங்கையும் தொழிலாளியே கட்ட வேண்டும். அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை வேலை செய்யும் பெண், காகிதத்தில் ‘சுயதொழில்’ செய்பவர்!

இதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2018 வரை 11 சதவீதமாக இருந்த சந்தா படிப்படியாக உயர்ந்து 2025 ஜனவரி முதல் 15 சதவீதம் ஆகிவிட்டது. இதில் முதலாளியின் பங்கு 10, தொழிலாளியின் பங்கு 5. வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சந்தா கணக்கிடும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 8,000 பெசோ. அதே கணக்குச் சம்பளத்தில் மணிலா கடை ஒன்றில் வேலை பார்ப்பவர் தன் கையிலிருந்து கட்டுவது 400 பெசோ. வெளிநாட்டில் இருப்பவர் கட்டுவது 1,200 பெசோ. உச்சவரம்பான 35,000 பெசோ கணக்கில் கட்டினால் மாதம் 5,250 பெசோ.

வெறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. நலநிதி உறுப்பினர் கட்டணமாக ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் 25 டாலர், வீட்டுவசதி நிதிக்குத் தனிச் சந்தா என்று ஏற்கனவே பல வெட்டுகள். ‘பிடுங்குவதற்கு இன்னொரு வழி’ என்ற கோபத்தை மிக்ராண்டே போன்ற தொழிலாளர் அமைப்புகள் வெளிப்படையாகவே சொல்லின. கோபத்துக்கு ஒருமுறை பலனும் கிடைத்தது. 2020 மே மாதம், கொரோனாவால் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 3 சதவீதம் கட்டச் சொன்னபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. டுடெர்டே பின்வாங்கி, அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டார்.

120 மாதக் கோடு

ஆனால் கட்டாமல் விட்டால் நஷ்டம் யாருக்கு? மாத ஓய்வூதியம் வேண்டுமானால் குறைந்தது 120 மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும். 60 வயதில் வேலையை விட்டவர்கள் கேட்கலாம். 65 வயதில் வேலையில் இருந்தாலும் கேட்கலாம். 120 மாதத்தை எட்டாதவர்களுக்குக் கட்டிய பணமும் வட்டியும் மொத்தமாகக் கிடைக்கும். அத்தோடு உறவு முடிந்தது.

பத்து வருஷம்தானே என்று தோன்றலாம். இரண்டு வருஷ ஒப்பந்தங்களில் ஓடும் வாழ்க்கையில் அது எளிதல்ல. ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வருகிறார்கள், அடுத்த வேலைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், சந்தா நின்றுபோகிறது. இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அந்தந்த வருஷத்துச் சந்தாவை அந்த வருஷத்துக்குள் கட்டிவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்துக்கு மட்டும் அடுத்த ஜனவரி 31 வரை அவகாசம் உண்டு. தவறவிட்ட வருஷத்தைப் பின்னால் பணம் கொடுத்து மீட்க முடியாது. ஐம்பது வயதில் விழித்துக்கொள்பவர் பழைய பாக்கியைக் கட்டுகிறேன் என்று வந்தால் எஸ்.எஸ்.எஸ். வாங்கிக்கொள்ளாது. அந்த நாளிலிருந்து புதிதாக எண்ண வேண்டியதுதான். ஊர் திரும்பிய பிறகும் சொந்த விருப்பத்தில் தொடர்ந்து கட்டி 120-ஐ எட்டலாம். வருமானம் நின்றுபோன வயதில் எத்தனை பேரால் அது முடியும்?

கோட்டைத் தாண்டினால் கிடைப்பது என்ன? 8,000 பெசோ கணக்கில் பத்து வருஷம் கட்டியவருக்கு அடிப்படை ஓய்வூதியம் மாதம் 3,200 பெசோ. 2017-ல் அறிவிக்கப்பட்ட கூடுதல் 1,000 பெசோவும் சேரும். இருபது வருஷம் கட்டினால் அடிப்படை 3,500-ஆக உயர்கிறது. இரண்டு மடங்கு காலம் கட்டியதற்குக் கிடைப்பது மாதம் 300 பெசோ மட்டுமே அதிகம். சூத்திரம் அப்படி அமைந்திருக்கிறது: பத்து வருஷம் கட்டியவரைக் கைவிடாது, அதற்கு மேல் குறைந்த கணக்கிலேயே கட்டிக்கொண்டிருப்பவருக்குப் பெரிதாக எதுவும் தராது. முதுமையில் நல்ல தொகை வேண்டுமென்றால் சம்பளம் உயர உயரச் சந்தாவையும் உயர்த்திக் கட்ட வேண்டும். இந்த விவரம் தெரியாமலே பலர் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தங்கள் எங்கே?

முதலாளியின் பங்கை முதலாளியிடமே வாங்கித் தரும் வழி நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தம்தான். பிலிப்பைன்ஸ் இதில் சும்மா இருக்கவில்லை. 1980-களில் ஆஸ்திரியாவில் தொடங்கி பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ், கனடா என்று பல நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. ஜெர்மனி, ஜப்பான் ஒப்பந்தங்கள் 2018-ல் அமலுக்கு வந்தன. தென்கொரிய ஒப்பந்தம் 2024-ல். இரண்டு நாடுகளிலும் சந்தா கட்டிய காலத்தைச் சேர்த்துக் கணக்கிட்டுத் தகுதி பெற இவை வழி செய்கின்றன.

பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஓட்டை தெரியும். சவூதி இல்லை, ஐக்கிய அரபு அமீரகம் இல்லை, குவைத் இல்லை, ஹாங்காங் இல்லை, சிங்கப்பூர் இல்லை. தொழிலாளர்கள் எங்கே குவிந்திருக்கிறார்களோ அங்கே ஒப்பந்தம் இல்லை. காரணம் எளிது. வெளிநாட்டவருக்கு ஓய்வூதியமே தராத நாட்டோடு எந்த ஓய்வூதியத்தைச் சேர்த்துக் கணக்கிடுவது?

இந்தியாவுக்கு இது அந்நியமான கதை அல்ல. அதே வளைகுடாவில் அதே ஷரத்துகளின்கீழ் இந்தியர்களும் லட்சக்கணக்கில் உழைக்கிறார்கள். இந்தியாவின் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்களிலும் வளைகுடா நாடுகளுக்கு இடமில்லை. அவர்களுக்காக 2012-ல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனாவில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. 2017-ல் மத்திய அரசு அதைக் கைவிட்டது. கேரளம் மட்டும் 2008-ன் தனிச் சட்டம் மூலம் சந்தா கட்டுபவர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது. அந்த வகையில் மணிலா ஒரு படி மேலே நிற்கிறது. நாடு முழுவதற்குமான சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு நகரங்களில் எஸ்.எஸ்.எஸ். அலுவலகங்கள் இருக்கின்றன, செல்போனிலேயே சந்தா கட்ட வசதி இருக்கிறது.

இல்லாதது முதலாளி. சட்டத்தின் ‘கட்டாயம்’ யாரைப் பிடிக்க முடியுமோ அவரை மட்டுமே பிடிக்கிறது. வேலைக்கான ஒப்பந்தப் பத்திரத்திலேயே முதலாளியின் சந்தாப் பங்கையும் ஒரு ஷரத்தாகச் சேர்க்க மணிலா வற்புறுத்தலாம். வீட்டுப் பணிப்பெண்களுக்கு 2006-ல் மாதம் 400 டாலர் குறைந்தபட்சச் சம்பளம் என்று நிர்ணயித்து, அதற்குக் குறைந்தால் ஆள் அனுப்ப மாட்டோம் என்று சொன்ன நாடுதான் அது. 8,000 பெசோ கணக்கில் முதலாளியின் பங்கு 800 பெசோ. அதாவது 15 டாலருக்கும் குறைவு. எந்த எஜமானரும் இதனால் ஏழையாகிவிட மாட்டார்.

அதுவரை, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகளோடு சந்தா ரசீதுகளையும் சேர்த்துவைப்பவர்கள் மட்டுமே பிழைத்தார்கள். முன்னது பிள்ளைகளை ஆளாக்கும். அந்தப் பிள்ளைகளும் விமானம் ஏறிப் போன பிறகு, வயதான காலத்தில் சோறு போடப்போவது பின்னதுதான்.