வரப்பிலே நடந்தவர், வாசிங்டனிலே அமர்ந்தவர்!

தூதுவர் என்றால் யார்? ஒரு நாட்டின் சார்பிலே மற்றொரு நாட்டின் தலைநகரிலே அமர்ந்திருப்பவர். அவர் பேசினால் நாடு பேசுகிறது என்று பொருள். அவர் மௌனம் சாதித்தால், நாடு ஏன் மௌனமாக இருக்கிறது என்று உலகம் யோசிக்கும். அப்படிப்பட்ட நாற்காலி அது! அந்த நாற்காலியிலே யாரை உட்கார வைப்பது என்பதிலே ஆளவந்தார் எப்போதும் கவனமாக இருப்பர். குலம் பார்ப்பர், கோத்திரம் பார்ப்பர், கோட்டையும் கொத்தளமும் இருக்கிறதா என்று பார்ப்பர். மூளை இருக்கிறதா என்று பார்ப்பது கடைசியில்தான்!

ஈரான் நாட்டிலே பக்தியாரி என்றொரு மலைக்குடி உண்டு. கோடையிலே மந்தைகளை ஓட்டிக்கொண்டு மலையேறி, குளிரிலே சமவெளிக்கு இறங்கி வந்த நாடோடிக் குடி. அந்தக் குடியிலே பிறந்த கலீல் இஸ்ஃபாந்தியாரி, 1950களில் மேற்கு ஜெர்மனியிலே ஈரானின் தூதுவராக இருந்தார். அவருடைய மகள் சொரயாதான் 1951இல் ஷா மன்னரை மணந்து அரசியானவர். பழங்குடிப் பிள்ளைக்குத் தூதுவர் பதவி! கேட்கும்போது இனிக்கிறது. ஆனால் சற்று நெருங்கிப் பார்த்தால் விவரம் புரியும். பக்தியாரிக் குடியின் தலைவர்கள் கான்கள். 1909இல் தம் குதிரைப் படையோடு தெஹ்ரானுக்குள்ளே நுழைந்து, அன்றைய ஷாவை முடியிறக்கியதிலே பங்கு கொண்டவர்கள். அந்தத் தலைவர் குடும்பத்திலே பிறந்தவர்தான் தூதுவர். மந்தை மேய்த்தவன் மகன் அல்ல, மந்தையை ஆண்டவன் மகன்! பழங்குடிக்குக் கிடைத்த மரியாதை அல்ல அது. வாளுக்குக் கிடைத்த மரியாதை.

வாள் இல்லாத, வரப்பு இல்லாத, வயலும் இல்லாத வீட்டுப் பிள்ளை ஒருவன் தூதுவரானான், அதற்கும் மேலே சென்றான் என்றால், அந்தக் கதையைத்தானே உழைப்பவன் கேட்க வேண்டும்? பூதலூர்ப் பக்கத்திலே நாற்றுக் கட்டு சுமக்கும் தோழனுக்கு, திருக்காட்டுப்பள்ளிச் சாலையிலே பாரவண்டி தள்ளும் தோழனுக்கு, நாம் சொல்ல விரும்புவது அந்தக் கதையைத்தான். அவர் பெயர் கே.ஆர். நாராயணன்.

திருவாங்கூர் சமஸ்தானத்திலே, இன்றைய கோட்டயம் மாவட்டத்து உழவூர்! ஊரின் பெயரிலேயே உழவு இருக்கிறது. 1920 அக்டோபர் 27 என்று ஏட்டிலே பதிவான நாளில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான ஒரு சாதியிலே, ஓலைக் குடிசையிலே பிறந்தவர் அவர். ஏழு பிள்ளைகளிலே நான்காமவர். தந்தை பச்சிலை மருந்து கொடுக்கும் நாட்டு வைத்தியர். ஊராரின் நோயைத் தீர்த்தார். வீட்டின் வறுமையைத் தீர்க்க அவரிடம் மருந்து இல்லை.

பையன் படிக்கப் போனான். நாள்தோறும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடை, வயல் வரப்புகளின் மீது! வரப்பிலே நடப்பது எப்படி என்று உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் சுடும். நடந்து போய்ச் சேர்ந்தால் வகுப்பிலே இடம் கிடைக்குமா? சம்பளம் கட்டவில்லை, வெளியே நில்! வெளியே நின்றபடியே பாடம் கேட்டிருக்கிறான் அந்தச் சிறுவன். புத்தகம் வாங்கக் காசு இல்லை. ஈளை நோயால் வீட்டோடு முடங்கிக் கிடந்த அண்ணன், மற்ற மாணவரிடம் புத்தகங்களை இரவல் வாங்கி, கையாலேயே எழுதிப் படியெடுத்துத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார். மூச்சு வாங்கும் அண்ணன் எழுதுகிறான், கால் வலிக்கும் தம்பி படிக்கிறான்! பரம்பரை அறிவு, பிறவித் திறமை என்றெல்லாம் வாய் கிழியப் பேசுவோர், இந்த இரண்டு உடன்பிறப்புக்களையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

கோட்டயம் மாவட்டம் என்றதும் நம் தோழர்களுக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வந்திருக்கும். ஆம், வைக்கம்! கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம், மனிதரிலே ஒரு பகுதியார் நடக்கக்கூடாது என்றிருந்த வைக்கம். 1924 மார்ச் 30இல் அங்கே போராட்டம் தொடங்கியது. ஏப்ரலிலே ஈரோட்டிலிருந்து பெரியார் சென்றார், இருமுறை சிறை புகுந்தார். 1925இல் தெருக்கள் பெரும்பாலும் திறந்துவிடப்பட்டன. பெரியார் அங்கே சிறையிலே இருந்தபோது, உழவூர்ச் சிறுவனுக்கு வயது மூன்று, நான்கு. தமிழ்நாட்டுக் கிழவர் ஒருவர் எந்த மண்ணிலே தெருவுக்காகச் சிறை சென்றாரோ, அதே மண்ணின் குழந்தை பின்னாளிலே டில்லியின் இராஜபாட்டையிலே குடியரசின் அணிவகுப்பை ஏற்றது. தெருவைத் திறந்தால் என்ன நடக்கும் என்று கேட்டார்களே வைதீகர்கள், இதுதான் நடக்கும்!

ஆனால் இடையிலே இருந்த படிகள் எளியவை அல்ல. உதவிச் சம்பளம் பெற்றுக் கல்லூரியிலே படித்தார். 1943இல் திருவாங்கூர்ப் பல்கலைக் கழகத்திலே ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. தேறினார். முதல் வகுப்பு, முதல் இடம்! அவருடைய சமூகத்திலே அந்தச் சமஸ்தானத்தில் அப்படித் தேறியவர் அவருக்கு முன் இல்லை. சர் சி.பி. இராமசாமி ஐயர் திவானாக ஆண்ட காலம் அது. முதலிடம் பெற்றவர் விரிவுரையாளர் வேலை கேட்டார். கிடைத்த பதில், குமாஸ்தா வேலை இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்பது!

தகுதி, திறமை என்று முழங்குகிறார்களே, அவர்களிடம் நாம் கேட்கிறோம். இங்கே தகுதிக்கு என்ன குறை? முதல் வகுப்பைவிட மேலான வகுப்பு ஏது? முதல் இடத்துக்கு முன்னாலே வேறு இடம் ஏது? தாளிலே மதிப்பெண் முழுமையாக இருந்தது. பிறப்பிலேதான் மதிப்பெண் போதவில்லை! ஆகவே, தகுதி என்பது அளவுகோல் அல்ல, கதவின் பூட்டு. சாவி யாரிடம் இருந்தது என்பதே கேள்வி.

அந்த இளைஞர் குமாஸ்தா வேலையை ஏற்கவில்லை. பட்டமளிப்பு விழாவுக்கும் போகவில்லை. பட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டு டில்லிக்குப் புறப்பட்டார். சில காலம் பத்திரிகைகளிலே எழுதினார். டாட்டாவின் உதவித் தொகை பெற்று, 1945இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றார். அங்கே ஆசான், உலகப் புகழ் பெற்ற ஹெரால்டு லாஸ்கி. உழவூரிலே வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை, இலண்டனிலே லாஸ்கி முன் வரிசையிலே கண்டுகொண்டார். மாணவன் 1948இல் தாயகம் திரும்புகையில், நேருவிடம் கொடு என்று தானாகவே ஒரு கடிதமும் தந்தார்.

அந்தச் சந்திப்பை நாராயணன் பின்னாளிலே நினைவுகூர்ந்திருக்கிறார். நேருவிடம் சிறிது நேரம் இலண்டனைப் பற்றிப் பேசினார். விடைபெறும்போது கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். பின்னாலே கைதட்டும் ஓசை! திரும்பினால் நேரு அழைக்கிறார். கடிதத்தைப் பிரித்துப் படித்திருக்கிறார். இதை முன்னமே ஏன் தரவில்லை என்று கேட்டு, மேலும் விசாரித்தார். 1949இல் நாராயணன் வெளிநாட்டுப் பணியிலே சேர்ந்தார்.

இரங்கூன், டோக்கியோ, இலண்டன், கான்பெரா, ஹனாய் என்று பணி தொடர்ந்தது. இரங்கூனிலே மா டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண்ணைக் கண்டார், காதலித்தார். வெளிநாட்டுப் பணியிலுள்ளவர் வெளிநாட்டாரை மணக்கக் கூடாது என்று விதி! நேருவின் தனி அனுமதி பெற்று 1951 ஜூன் 8இல் மணம் நடந்தது. மணமகள் உஷா நாராயணன் ஆனார். சாதி கடந்து, நாடு கடந்து, மொழி கடந்து நடந்த அந்தத் திருமணத்தைச் சுயமரியாதைக்காரர் நாம் தனி மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்வோம்.

1967 முதல் 1969 வரை தாய்லாந்திலே தூதுவர். 1973 முதல் 1975 வரை துருக்கியிலே தூதுவர். பிறகு வந்தது பெரும் பொறுப்பு. 1962 போருக்குப் பின் சீனாவிலே நமக்குத் தூதுவரே இல்லை. தூதரகம் இருந்தது, தூதுவர் நாற்காலி ஏறத்தாழ 15 ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. 1976இல் அந்த நாற்காலிக்கு அனுப்பப்பட்டவர் நாராயணன். பகை மூண்ட வீட்டின் கதவைத் தட்ட, பல கதவுகளுக்கு வெளியே நின்று பழகியவரையே தேடிப் பிடித்தார்கள்! 1978இல் ஓய்வு. பின்னர் ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர். விரிவுரையாளராகக்கூட ஏற்கப்படாதவர் துணைவேந்தரானார்! 1980 முதல் 1984 வரை வாசிங்டனிலே தூதுவர். 1982இல் இந்திரா காந்தி ரீகனைச் சந்திக்கச் சென்றபோது அங்கே இருந்தவர் இவரே.

இங்கே ஒரு கணம் நிற்போம், தோழர்களே! அவர் பாங்காக்கிலே நாட்டின் கொடியேற்றிக் கொண்டிருந்த அதே காலத்திலே, 1968 டிசம்பர் 25 இரவு, நம் தஞ்சைத் தரணியின் கீழ்வெண்மணியிலே 44 உயிர்கள் குடிசையோடு கொளுத்தப்பட்டன. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும்! பெண்கள், குழந்தைகள்! ஒருவர் மேலே போனதால் கீழே உள்ளோரின் தீ அணைந்துவிடவில்லை. இதை மறந்துவிட்டு, பார், ஒரு நாராயணன் தூதுவராகிவிட்டார், இனி சாதி எங்கே என்று பேசுவோர் உண்டு. ஒரு நாற்று தலை நிமிர்ந்தால் வயல் முழுதும் விளைந்துவிட்டது என்று எந்த உழவனும் சொல்லமாட்டான்!

1984, 1989, 1991 என மும்முறை ஒற்றப்பாலத்திலே வென்று நாடாளுமன்றம் சென்றார். 1992இல் குடியரசுத் துணைத் தலைவர். 1997 ஜூலையில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு வாக்கு பெற்று, டி.என். சேஷனைத் தோற்கடித்துக் குடியரசுத் தலைவரானார். சேரித் துன்பம் அறிந்த ஒருவர் அந்த மாளிகைக்குள் தலைவராக நுழைந்தது அதுவே முதல் முறை.

நுழைந்தவர் அலங்காரப் பொம்மையாக இருந்தாரா? அதுதான் நமக்கு முக்கியம். மாநில ஆட்சியைக் கலைக்கும் 356ஆம் பிரிவின் சூடு நமக்குத் தெரியும். 1976 ஜனவரி 31, 1991 ஜனவரி 30 என்று இருமுறை கழக ஆட்சி கலைக்கப்பட்ட நாட்களை எந்தத் தோழன் மறப்பான்? 1997இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கும்படி வந்த ஏட்டை, மீண்டும் யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பினார் நாராயணன். அனுப்பியது ஐக்கிய முன்னணி அமைச்சரவை. நம் நட்புக்குரியோர் அமர்ந்திருந்த அவை. 1998இல் பீகார் ஆட்சியைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை அனுப்பிய ஏட்டையும் அவ்வாறே திருப்பினார். எந்தக் கை நீட்டுகிறது என்று பார்க்கவில்லை, எந்தக் கழுத்தை அறுக்கிறது என்று பார்த்தார்!

உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதிகளை நியமிக்கும் ஏடு வந்தது. தகுதி வாய்ந்த தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் இருக்கிறார்களே, அவர்களையும் கருதக்கூடாதா என்று குறிப்பெழுதினார். கூச்சல் எழுந்தது. 2000 ஜூனில், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே.ஜி. பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்றம் சென்றார், 2007 ஜனவரியில் நாட்டின் தலைமை நீதிபதியானார். அவர் பிறந்த தலையோலப்பறம்பு எங்கே இருக்கிறது தெரியுமா? வைக்கத்துக்கு அருகே!

அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதலாம் என்று சிலர் கிளம்பியபோது, 2000 ஜனவரி 27இல் நாடாளுமன்ற மைய மண்டபத்திலே அவர் கேட்ட கேள்வி இன்னும் ஒலிக்கிறது. சட்டம் நம்மைக் கைவிட்டதா, நாம் சட்டத்தைக் கைவிட்டோமா என்பதே அதன் சாரம். 1998 தேர்தலிலே, பதவியிலிருந்த எந்தக் குடியரசுத் தலைவரும் அதுவரை செய்யாததைச் செய்தார்: வாக்குச் சாவடியிலே மக்களோடு வரிசையிலே நின்று வாக்களித்தார். 2005 நவம்பர் 9இல் மறைந்தார்.

தோழர்களே, இந்த வாழ்வை வியந்துவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. வியப்பு வேண்டாம், வேலை வேண்டும்! அவருக்குக் கிடைத்தவை ஓர் அண்ணனின் கையெழுத்து, ஓர் உதவித் தொகை, ஓர் ஆசானின் கடிதம். இவற்றிலே ஒன்று தவறியிருந்தாலும் நாடு ஒரு தூதுவரை இழந்திருக்கும், உழவூர் ஒரு கூலியாளைப் பெற்றிருக்கும். அப்படித் தவறிப்போனவர் எத்தனை ஆயிரம்! தற்செயலை நம்பி ஒரு சமுதாயம் பிள்ளை வளர்க்கக் கூடாது என்பதற்காகத்தானே இடஒதுக்கீடு, கல்வி உதவி, மாணவர் விடுதி, மதிய உணவு என்று இந்த இயக்கம் ஓயாமல் கேட்டு வந்திருக்கிறது?

கல்லணை தண்ணீரைப் பிரித்து ஆறுதோறும் அனுப்புகிறது. தலைமடைக்கு மட்டும் பாய்ந்தால் அது பாசனம் அல்ல; கடைமடைக் காணியிலும் ஈரம் காண வேண்டும். கல்வியும் அப்படித்தான். பூதலூர் வட்டத்திலே கிளைக் கழகம் இல்லாத ஊர் இருக்கக் கூடாது என்று சொல்வோம். அதற்கு மேலாக, பள்ளி நிறுத்திய பிள்ளை உள்ள தெரு இருக்கக் கூடாது என்றும் சொல்வோம். எந்த வீட்டிலே பிள்ளை நின்றுவிட்டது, எந்த விடுதியிலே இடம் மறுக்கப்பட்டது, எந்த உதவித் தொகை எந்த மேசையிலே தூங்குகிறது என்று ஒவ்வொரு கிளையும் கணக்கெடுக்கட்டும். கொடிக்கம்பம் நடுவது ஒரு நாள் வேலை. ஒரு பிள்ளையைப் பள்ளியிலே நிறுத்தி வைப்பது பத்தாண்டு வேலை. இரண்டாவது வேலைக்குத் தோள் கொடுப்போம்!