கணக்கை விடுமுன் கொஞ்சம் பொறுங்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் எளாவூர் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான்: "எந்த குரூப் போடலாம்?" சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர் "கம்ப்யூட்டர் போடு, அதுக்குத்தான் இப்ப மவுசு" என்பார். டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு பிள்ளையின் இரண்டு வருடம் முடிவாகிவிடும். அவ்வளவு அவசரம் வேண்டாம், நிதானமாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் பிளஸ் ஒன் வந்ததே 1978ல்தான். அதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. பதினோரு வருடம், அதன் பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு. அன்றைக்குப் பதினோரு வருடம் படித்துவிட்டுப் புகுமுக வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைக்குப் பத்து வருடம் முடிந்ததுமே குரூப் எடுக்கச் சொல்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "நீ என்ன ஆகப்போகிறாய்?" என்று கேட்டால் என்ன சொல்லும்? கேட்க வேண்டியது வேறு: எந்தப் பாடத்தை இப்போது விட்டால், நாளைக்கு எது கிடைக்காமல் போகும்?

தமிழ் அல்லது வேறொரு மொழிப்பாடம், அதோடு ஆங்கிலம் எல்லோருக்கும் உண்டு. மீதி நான்கு பாடங்களில்தான் குரூப் பிரிகிறது. கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியல் சேர்ந்தால் பயோ மேத்ஸ்; கணினி அறிவியல் சேர்ந்தால் கம்ப்யூட்டர் குரூப். கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் எடுத்தால் பியூர் சயின்ஸ். பிறகு வணிகவியல், கலை, தொழிற்கல்விப் பிரிவுகள்.

இதில் விட்டால் அதிக வாய்ப்புகளை இழக்க வைப்பது கணிதம்தான். பொறியியல் கலந்தாய்வுக்கும் ஜே.இ.இ.க்கும் பி.ஆர்க்.குக்கும் அது வேண்டும். கடற்படை, விமானப்படைக்கு என்.டி.ஏ. வழியாகப் போகவும் இயற்பியல், வேதியியலோடு கணிதம் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான கட்-ஆஃப் 200க்கு. கணிதம் அப்படியே 100. இயற்பியல், வேதியியல் இரண்டும் பாதிப் பாதியாக 50, 50. பிளஸ் டூவில் கணிதம் 82, இயற்பியல் 76, வேதியியல் 70 என்றால் 82, 38, 35 கூட்டி 155. இந்தக் கணக்கில் கணினி அறிவியல் மதிப்பெண் எங்கேயும் சேரவில்லை, பாருங்கள். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்திருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. பயோ மேத்ஸ் படித்தவரும் தாராளமாகச் சேரலாம். பக்கத்துப் பெஞ்சுக்காரருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் பயோ மேத்ஸ் எடுக்கலாமா? பாடச் சுமை அதிகம். நீட் எழுதவோ, நர்சிங், கால்நடை மருத்துவம், வேளாண்மை படிக்கவோ நிஜமான விருப்பம் இருந்தால் உயிரியலை எடுக்கட்டும். இரத்தம் பார்த்தாலே மயங்கும் பிள்ளைக்குச் சொந்தக்காரர் ஆசைக்காக எதற்கு?

பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. அந்தத் தேர்வில் வடிவியல் வரைதலும் வரைபடமும் சேர்த்து 16 மதிப்பெண். பழகிப் பழகியே அதை முழுசாக வாங்கிவிடலாம். பிளஸ் ஒன்னில் இருப்பது முக்கோணவியல், அணிகள், வெக்டர், வகையீடு, தொகையீடு. ஆகவே அந்த 16ஐத் தள்ளிவிட்டு, இயற்கணிதத்தில் பிள்ளை எப்படிச் செய்தது என்று கணக்கு ஆசிரியரிடம் கேளுங்கள். 71 வாங்கினாலும் இயற்கணிதத்தைப் புரிந்து செய்திருந்தால், தைரியமாகக் கணித குரூப்பில் சேர்க்கலாம். 85 வாங்கியும் பயந்து பயந்து மனப்பாடம் செய்த பிள்ளையை யோசித்துத்தான் சேர்க்க வேண்டும்.

இனி, நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறுக்கு வருகிறேன். அரசுப் பள்ளியில் கேட்ட குரூப் இல்லை என்றதும் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. தடாவிலோ சூளூர்ப்பேட்டையிலோ சொந்தம் இருந்தால், அங்கே பிளஸ் ஒன்னுக்கு இணையான இன்டர்மீடியட்டில் எம்.பி.சி. (கணிதம், இயற்பியல், வேதியியல்) சேர்த்துவிடலாம் என்ற யோசனையும் வரும். சேர்க்கும்முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொறியியல் சேரும் பிள்ளையின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கடைசி இரண்டு வருடம் வெளியே போனால் ஐந்து வருட அரசுப் பள்ளிப் படிப்பு இதற்கு உதவாது. கூலி வேலை செய்யும் வீட்டுக்கு இது சாதாரண இழப்பு இல்லை. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று பார்க்கிறார்கள். குரூப் கிடைக்கவில்லை என்றால் கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ வேறு அரசுப் பள்ளியில் கேளுங்கள். ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது.

வணிகவியலைப் பற்றி ஒரு வார்த்தை. "மார்க் குறைஞ்சவங்க எடுக்கிறது" என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் கணக்கு, கொள்முதல், ஸ்டோர்ஸ், சம்பளப் பட்டியல் பார்க்க ஆள் வேண்டும். பி.காம். முடித்து அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்களை நானே பார்க்கிறேன். சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத எந்த குரூப்பும் போதும் என்றாலும், கணக்குப்பதிவியலை இரண்டு வருடம் முன்பே படித்தவருக்குக் கை ஓடும். ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கும், பட்டம் முடித்து எழுதும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் பிளஸ் ஒன் குரூப் தடையே இல்லை.

பிளஸ் ஒன்னே வேண்டாம் என்கிற பிள்ளையையும் திட்டாதீர்கள். பத்தாவதோடு பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் இரண்டு வருடம். நம் ஊர் ஆலைகளில் பராமரிப்பு வேலைக்கு முதலில் பார்ப்பது இந்தச் சான்றிதழைத்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு வேறு ஒன்றும் கற்காமல் ஒப்பந்தக் கூலியாக நுழைவதைவிட இது எவ்வளவோ மேல்.

எனவே, மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். பள்ளியில் எந்தெந்த குரூப் இருக்கிறது, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, பிடிக்காவிட்டால் எந்தத் தேதிக்குள் மாற்றலாம் என்று கேளுங்கள். பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். அதுவும் வாய் திறந்து கேட்கட்டும்.