பொட்டல் அல்ல, புள்வீடு
(கோடையில் பறவைக் கணக்கெடுப்பு பற்றி)

காடு என்றால் நமக்கு மதிப்பு, ஏரி என்றால் மரியாதை. புல் மட்டும் கிடக்கும் நிலத்தைப் 'பொட்டல்', 'தரிசு' என்று தள்ளிவிடுகிறோம். தொல்காப்பியர் அப்படித் தள்ளவில்லை. மரபியலில் உயிர்களை அறிவு வாரியாக அடுக்கும்போது புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று ஒரே படியில் வைத்தார். அந்தப் புல்லை நம்பி வாழும் பறவைகளை எண்ணும் முறையை இங்கே விளக்குகிறேன்.

நான் குடியிருக்கும் ஈஜிபுராவிலிருந்து நகரைக் கடந்து வடமேற்கே போனால் ஹெசரகட்டா வரும். 1894இல் அர்க்காவதி ஆற்றை மறித்துக் கட்டிய ஏரியும், அதை ஒட்டிய பெரிய புல்வெளியும் அங்கே உள்ளன. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் வரும், கேமராக்காரர்களும் கூடவே வருவார்கள். கோடையில் விருந்தாளிகள் போய்விடுகிறார்கள். "வெயில்ல அங்க என்னங்க இருக்கு?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள்! கௌதாரி, வானம்பாடி, நெட்டைக்காலி, ஆள்காட்டி. அவை முட்டையிட்டுப் பார்ப்பு வளர்க்கும் காலம் இது. பாத்திரக்கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் இருப்பு எடுப்போம். இதுவும் அப்படித்தான்.

முறை எளிது. விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். தொடங்கிய நேரம், நடந்த தூரம், முடித்த நேரம் மூன்றையும் குறிக்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம், கண்ணிலும் காதிலும் பட்ட எல்லாவற்றையும் எண்ண வேண்டும். அபூர்வமானதை மட்டும் எழுதிக் காக்கையை விட்டுவிட்டால் அது கணக்கே அல்ல. புல்லுக்குள் வானம்பாடி தெரியாது. ஆண் பறவை பாடிக்கொண்டே மேலே ஏறி இறங்கும், அதை வைத்து எண்ணலாம். இப்படி எடுத்த பட்டியலை ஈ-பேர்ட் தளத்தில் ஏற்றலாம்.

பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையில் மண் நிறத்திலேயே முட்டையிடும். உச்சி வெயிலில் தன் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் பக்கத்தில் நின்றால் அது கூட்டுக்கு வராது, முட்டை வெந்துபோகும். தரையைப் பார்த்து அடியெடுத்து வைப்பது எங்கள் சமண முனிவர்களின் விரதம். இங்கே அது எல்லோருக்கும் விதி.

இந்த எண்ணிக்கையால் என்ன லாபம்? நாடெங்கும் இப்படிச் சேர்ந்த பட்டியல்களை வைத்து 2023இல் 942 பறவை இனங்களின் நிலையை ஆராய்ந்தார்கள். புல்வெளி போன்ற திறந்தவெளிப் பறவைகள் வேகமாகக் குறைவது அதில் தெரிந்தது. ஹெசரகட்டாவைக் காப்பகமாக்கும் யோசனையை 2021இல் கர்நாடக வனவிலங்கு வாரியம் ஏற்கவில்லை. 2024இல் சுமார் 5,678 ஏக்கருக்கு ஒப்புதல் கிடைத்தது. காலியிடம் என்று சொல்பவருக்கு இத்தனை குடிகள் இருக்கின்றன என்று காட்ட ஏடு வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லணும். பிறந்தநாள், நினைவுநாள் என்று நம்மவர்கள் மரக்கன்று நடுகிறார்கள். நல்ல காரியம்தான், ஆனால் புல்வெளியில் வேண்டாம். மரம் வந்தால் காக்கையும் பருந்தும் உட்கார்ந்து நோட்டம் விட இடம் கிடைக்கும், தரையில் முட்டையிடும் பறவை ஓடிவிடும். கன்றை உங்கள் தெருவில் நடுங்கள். புல்லைப் புல்லாகவே விட்டுவிடுங்கள். வரும் மே மாதம் பிள்ளைகளோடு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் எண்ணிவிட்டு வாருங்கள்.