கடல் தாண்டாத சந்தா

மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சி போன என் அத்தை, இறங்கிய மறுநாளே போன் செய்தார். பயணம், குளிர், பேரக்குழந்தை எப்போது என்ற பேச்செல்லாம் முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார். மயிலாடுதுறை வீட்டில் தினமும் ராத்திரி பார்க்கிற சீரியல் அங்கே ஓடவில்லை. ஆப் திறக்கிறது, சீரியலின் படமும் தெரிகிறது, தொட்டால் மட்டும் ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று வருகிறது. “ஏண்டா, மாசாமாசம் என் பேங்க்லேர்ந்து காசு மட்டும் ஒழுங்கா எடுத்துக்கிறான். அப்ப மட்டும் நான் எந்த ஊர்ல இருக்கேன்னு பாக்க மாட்டானா?” என்றார்.

நியாயமான கேள்வி. பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் அம்மாக்கள், ஆன்சைட் வேலைக்கு மூன்று மாதம் போகும் ஐ.டி. பிள்ளைகள், துபாய்க்கு ஒரு வாரம் சுற்றிப் பார்க்கப் போகும் குடும்பங்கள் என்று எல்லாரும் இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். உள்ளூரில் சந்தா கட்டியவர், கொஞ்ச காலம் வெளிநாட்டில் இருக்கும்போதும் தான் காசு கொடுத்த நிகழ்ச்சியைப் பார்க்க வழி வேண்டும். இது செய்ய முடியாத காரியமும் இல்லை. ஐரோப்பாவில் 28 நாடுகள் சேர்ந்து செய்துகாட்டியிருக்கின்றன. அங்கே போவதற்குமுன், சுவரைக் கட்டியது யார் என்று பார்த்துவிடலாம்.

தமிழ் சினிமா வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. படத்தை ஏரியா ஏரியாவாக விற்பதுதான் கோடம்பாக்கத்தின் வழக்கம். செங்கல்பட்டும் பழைய வட, தென் ஆற்காடு மாவட்டங்களும் ஒரு ஏரியா. மதுரை–ராமநாதபுரம் இன்னொன்று, திருச்சி–தஞ்சாவூர் வேறொன்று. மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட வெளிநாடுகளை ‘எஃப்.எம்.எஸ்.’ என்று தனியாகக் கைமாற்றுவார்கள். திரையரங்குக்காகப் போட்ட இந்தக் கோடுகள் அப்படியே ஓ.டி.டி. ஒப்பந்தங்களுக்குள்ளும் வந்துவிட்டன. இந்தியாவுக்கான உரிமை ஒரு நிறுவனத்திடம், அமெரிக்காவுக்கானது வேறொன்றிடம். சட்டமும் இதை ஒட்டியே நிற்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால், அது இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு.

கிரிக்கெட்டில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 2022 ஜூனில் நடந்த ஏலத்தில், 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். பந்தயங்களின் இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. டிஜிட்டல் உரிமையின் பெரும்பகுதி 20,500 கோடிக்குப் போனது. வெளிநாட்டு உரிமைகள் தனிப் பொதியாக 1,058 கோடிக்கு விற்றன. சேப்பாக்கத்தில் நடக்கிற அதே ஆட்டம், ஒவ்வொரு நாட்டிலும் ஒருவரின் சொத்து.

உலகமெல்லாம் ஒரே நிறுவனமாக இருந்தாலும் இந்தக் கோடு அழிவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியா உட்பட 130 நாடுகளில் ஒரே நாளில் நுழைந்தது. வேறு நாட்டின் முகவரியைக் காட்டி உள்ளே வருபவர்களைத் தடுக்கப்போவதாக அதே மாதத்தில் அறிவிக்கவும் செய்தது. இந்தியக் கணக்கோடு பாரீஸ் போனால் நெட்ஃபிளிக்ஸ் திறக்கும். ஆனால் பிரான்சில் உள்ளவர்களுக்கான பட்டியலைத்தான் காட்டும். பாதியில் விட்டுவந்த தமிழ்ப் படம் அதில் இல்லாமல் போகலாம். அமேசான் பிரைமில் வெளிநாட்டிலும் பார்க்கக்கூடியவை என்று ஒரு சிறு பட்டியல் மிஞ்சும். இந்தியாவுக்கு மட்டுமே உரிமை வாங்கிய ஆப்கள் மொத்தமாகக் கதவடைத்துவிடும்.

எனக்கு அதிகம் உறுத்துவது இதன் மறுபக்கம். வெளிநாட்டுத் தமிழர்களுக்காகவே நடக்கும் தளங்கள் உண்டு. ‘சிம்ப்ளி சவுத்’தில் தமிழ்ப் படங்கள் உலகமெங்கும் ஓடும், இந்தியாவைத் தவிர. டொராண்டோவிலிருந்து கோடை விடுமுறைக்கு மதுரை வரும் குடும்பம், அங்கே பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ப் படத்தைத் தமிழ்நாட்டில் பார்க்க முடியாது.

அத்தைக்கு அன்றைக்குச் சொல்ல என்னிடம் கைவைத்தியம் மட்டுமே இருந்தது. பயணம் போகிறவர்களுக்கு அது இப்போதும் உதவும் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை ஆப் பெரும்பாலும் உங்கள் இணைய இணைப்பின் ஐ.பி. முகவரியை வைத்தே கண்டுபிடிக்கிறது. இதில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. இந்திய சிம்மிலேயே ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போனால், உங்கள் டேட்டா பொதுவாக அந்த நாட்டிலிருந்து நேரே இணையத்துக்குப் போவதில்லை. இந்தியாவில் உள்ள உங்கள் செல்போன் நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்துதான் வெளியே போகிறது. ஆகவே நியூஜெர்சியில் இருக்கும் போனும் இந்திய முகவரியோடே தெரியும். ஹோட்டல் வைஃபையில் மறுத்த அதே ஆப், வைஃபையை அணைத்து ரோமிங்குக்கு மாற்றியதும் ஓடுவதற்குக் காரணம் இதுதான். போனின் ஜி.பி.எஸ்.ஸையும் பார்க்கிற ஆப்களிடம் இது செல்லாது. செலவையும் யோசிக்க வேண்டும். சாதாரணத் தரத்திலேயே ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி வரை ஆகும், எச்.டி. என்றால் 3 ஜிபி வரை போகும். ரோமிங் பேக்கில் ஒரு எபிசோடு பார்க்கலாம், ஒரு சீசன் பார்க்க முடியாது. பயணிகளுக்கென்று விற்கும் இ-சிம் போட்டவர்களுக்கு வேறு குழப்பம். அந்த இ-சிம்மின் டேட்டா மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகப் போனால், ரோமில் இருப்பவருக்கு சிங்கப்பூர்ப் பட்டியல் வந்து நிற்கும்.

எது எப்படியானாலும் இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். நம்மூர் ஆப்கள் பலவற்றில் பாஸ்வேர்டே கிடையாது, ஓ.டி.பி. வந்தால்தான் கதவு திறக்கும். ஊரிலிருந்தே டவுன்லோடு செய்துகொண்டு போவது நல்ல வழிதான், ஆனால் டவுன்லோடு ஆன படம் உங்களுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. பூட்டிய கோப்பு அது, சாவிக்குக் காலக்கெடு உண்டு. சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும். வெளிநாட்டு இணையத்தோடு இணைந்ததும் சில படங்கள் ஓட மறுக்கும். விமானத்திலேயே பார்த்து முடித்துவிடுவது உத்தமம்.

அடுத்து எல்லாரும் கேட்பது, வேறு நாட்டு முகவரியைக் காட்ட உதவும் வி.பி.என். பற்றி. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் சேமித்துவைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. அதை ஏற்காத பெரிய நிறுவனங்கள் சில இந்தியாவிலிருந்து சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. இன்று அவை ‘இந்தியா’ என்று தரும் இணைப்பு சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ இருக்கும் சர்வராக இருக்கலாம். பல ஓ.டி.டி. தளங்கள் இந்த முகவரிகளைக் கண்டுபிடித்து மறித்தும் விடுகின்றன. வளைகுடா போகிறவர்கள் ஒன்றை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். குற்றம் செய்வதற்காகவோ அதை மறைப்பதற்காகவோ ஐ.பி. முகவரியை மாற்றிக்காட்டினால், ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டத்தில் சிறையும் உண்டு, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு. ஒரு சீரியலுக்காக அந்தச் சட்டத்தின் ஓரத்தில்கூடப் போய் நிற்க வேண்டாம்.

ஒழுங்காகக் காசு கட்டியவர், திருட்டுத்தனம் செய்கிறவரைப்போல இப்படி வழி தேட வேண்டியிருப்பதுதான் என் ஆதங்கம். ஐரோப்பாவில் இந்தப் பிரச்சினையை நீதிமன்றம்வரை கொண்டுபோனவர் ஒரு மதுக்கடைக்காரர். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் பப் நடத்திய கேரன் மர்ஃபி, பிரீமியர் லீக் கால்பந்தைக் காட்ட உள்ளூர் இணைப்பு வாங்காமல், விலை மலிவான கிரேக்க நிறுவனத்தின் டிகோடர் கார்டை வாங்கி வைத்தார். வழக்கு வந்தது, அபராதமும் செலவுமாகச் சுமார் 8,000 பவுண்டு கட்டச் சொன்னார்கள். அவர் விடவில்லை. ஒரு நாட்டில் முறையாக விற்ற கார்டை இன்னொரு உறுப்பு நாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று தடுப்பது, ஐரோப்பிய ஒன்றியத்தின் சேவைச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2011 அக்டோபர் 4 அன்று ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லீக்கின் சின்னம், பாடல் போன்றவற்றைப் பொது இடத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்றும் அது சேர்த்துச் சொன்னது. மறு ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றம் மர்ஃபியின் தண்டனையை ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பு சாட்டிலைட் கார்டைப் பற்றியது. இணையத்துக்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 2017இல் நிறைவேறி 2018 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது அது. ஒன்றியத்தின் ஒரு நாட்டில் கட்டணச் சந்தா வைத்திருப்பவர் இன்னொரு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனால், வீட்டில் கிடைக்கும் அதே பட்டியலைக் கூடுதல் காசு வாங்காமல் நிறுவனம் அங்கேயும் தந்தாக வேண்டும். உரிமை ஒப்பந்தங்களைக் கிழித்துப் போடாமல் இதை எப்படிச் சாதித்தார்கள் என்பதுதான் அழகு. மாட்ரிட்காரர் ரோமில் உட்கார்ந்து பார்த்தாலும், அவர் மாட்ரிட்டில் பார்ப்பதாகவே சட்டம் கொள்கிறது. இத்தாலிய உரிமையாளரிடம் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ‘தற்காலிகம்’ என்பதற்கு நாள் கணக்கு வைக்கவில்லை. சந்தாதாரரின் சொந்த நாடு எது என்பதை மட்டும் நிறுவனம் சரிபார்க்க வேண்டும். அடையாள அட்டை, வங்கி விவரம், இணைய இணைப்பின் ஒப்பந்தம் போன்றவற்றில் இரண்டுக்குமேல் கேட்கக் கூடாது. ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டன் மக்கள் 2021 ஜனவரி 1 முதல் இந்த உரிமையை இழந்தார்கள்.

நிறுவனங்களின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம் இந்தியாவில் மாதம் 149 ரூபாய். அமெரிக்கச் சந்தா பல மடங்கு. எல்லையைத் திறந்துவிட்டால் அங்கே குடியிருப்பவர்களும் இந்தியச் சந்தாவையே கட்டுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். ஐரோப்பியச் சட்டத்தில் சொந்த நாட்டைச் சரிபார்க்கும் விதி இருப்பதே அதற்காகத்தான். நம்மிடம் ஆதாரோடு இணைந்த செல்போன் எண் இருக்கிறது, யு.பி.ஐ. ஆட்டோபே இருக்கிறது. ஒருவர் மயிலாடுதுறைக்காரரா, நியூஜெர்சிக்காரரா என்று காட்ட இவை தாராளம்.

இந்தியா தனியே சட்டம் போட்டு அமெரிக்காவில் உள்ள உரிமையைத் தொட முடியாது. இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. நம்மவர்கள் அதிகம் போய்வரும் நாடுகளிலிருந்து தொடங்கலாம். சிங்கப்பூரோடு 2005 முதலும், அமீரகத்தோடு 2022 முதலும் வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. பதிப்புரிமையைக் கவனிப்பதும், வர்த்தக ஒப்பந்தங்களைப் பேசுவதும் டில்லியில் ஒரே அமைச்சகம்தான்: வர்த்தகம் மற்றும் தொழில் அமைச்சகம். இந்தக் கோரிக்கையை அங்கே முதலில் கொண்டுபோக வேண்டியவர்கள் நம் எம்.பி.க்கள்.