நெம்பினூடு செல்லும் கம்பி

மோட்டார் வண்டியின் உறுப்புகளுட் சில அசைவன, சில அசையாதன. பற்சில்லுகள் சுழல்வன, மின்கம்பிகளோ இட்ட இடத்திற் கிடப்பன. இவ்விரு வகையும் ஒன்றுகூடும் இடமே பெரும்பாலும் பழுதின் பிறப்பிடமாகும். எம். ஜி. பி. என்னும் ஆங்கில ஸ்போட்ஸ் காரின் கியர் நெம்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அந்நெம்பைக் கழற்றிப் புதுக் கம்பி இடும் முறையையும், அம்முறைக்குரிய காரணங்களையும் ஈண்டு ஆராய்வாம்.

இக்கார் இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையிற் செய்யப்பட்டது. அதன் எஞ்சினின் கொள்ளளவு 1,798 கன சென்ரிமீற்றர். முன்செல்லும் கியர்கள் நான்கு. இவற்றோடு ஓவர்ட்றைவ் என்னும் துணைப்பொறியொன்றும் பல கார்களிற் பூட்டப்பட்டது. நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 முறை சுழலுமாயின், ஓவர்ட்றைவ் இயங்கும்போது அதே வேகத்துக்கு ஏறத்தாழ 3,280 சுற்றுகளே போதும். எரிபொருள் மிஞ்சும், இரைச்சலும் குறையும். ஓட்டுநர் ஆளியை அழுத்தியதும் வரிச்சுருளொன்றில் மின்னோட்டம் பாய்ந்து எண்ணெய் வாயிலைத் திறக்க, எண்ணெயின் அமுக்கம் இப்பொறியை இயக்குகின்றது.

முற்பட்ட கார்களில் இவ்வாளி ஓட்டுநரின் முன்னுள்ள பலகையிலோ, திசைமாற்றும் தண்டின் அருகிலோ இருந்தது. 1977ஆம் ஆண்டுக் கார்கள் முதல் அது கியர் நெம்பின் தலைக்குமிழில் வைக்கப்பட்டது. கை நெம்பை விட்டு நீங்காமலே ஆளியை இயக்கலாம் என்பது இதன் நன்மை. ஆயின், இந்நன்மைக்கு விலையும் உண்டு. ஆளியின் கம்பிகள் நெம்பின் உள்ளே இறங்கி வெளிவருதல் வேண்டும். கியர் மாறுந்தோறும் அவை வளைந்து நிமிர்கின்றன. துளையின் விளிம்பில் உராய்கின்றன. ஆண்டுகள் பல கழிய, மேலுறை தேய்ந்து செம்பு வெளிப்படுகின்றது.

வெளிப்பட்ட செம்பு நெம்பின் இரும்பைத் தொட்டால் நிகழ்வது யாது? காரின் உடலே மின்னோட்டம் மீளும் வழியாகும். 1967 வரை மின்கலத்தின் நேர்முனையும், அதன்பின் எதிர்முனையும் உடலோடு இணைக்கப்பட்டன. எம்முனையாயினும் விளைவு ஒன்றே. அவ்வழியின் மொத்தத் தடை பத்திலொரு ஓம் எனக் கொள்வோமாயின், 12 உவோற்று மின்கலத்திலிருந்து 120 அம்பியர் பாயும். வெப்பமோ ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வது. மெல்லிய கம்பி அதனைத் தாங்காது.

இவ்விடத்து, ஆங்கிலக் கார்களின் கம்பி நிறங்களை அறிதல் இன்றியமையாதது. மண்ணிறம் மின்கலத்திலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பியபின் மின் பெறுவது. பச்சை, அவ்வெள்ளையிலிருந்து உருகியைக் கடந்து வருவது. கறுப்பு, உடலோடு சேர்வது. ஓவர்ட்றைவ் சுற்று வெள்ளையிலிருந்தே தொடங்குகின்றது. அதாவது, அதற்கு உருகியின் காவல் இல்லை. எஞ்சினின் தீப்பொறிச் சுற்றும் அவ்வெள்ளையையே நம்பியிருக்கின்றது. ஆகவே, நெம்பின் அடியில் அரையங்குலக் கம்பி தேய்ந்தமையால் ஓடும் கார் நடுவழியில் நிற்கவும், கம்பிக்கட்டு முழுவதும் உருகித் தீப்பற்றவுங் கூடும்.

இனி, திருத்தும் முறை. முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுக. நெம்பின் அடியைச் சூழ்ந்த உறையை நீக்கி, குமிழைப் பிரித்து, நெம்பைப் பிடித்திருக்கும் மூடியைக் கழற்றி நெம்பை உயர்த்துக. உடனே கியர்ப்பெட்டியின் வாயைத் தூய துணியால் மூடுக. உள்ளே விழும் சிறு திருகாணி பெட்டி முழுவதையும் அவிழ்க்கச் செய்துவிடும். பழைய கம்பியின் நுனியிற் புதியதைக் கட்டி மெல்ல இழுத்தால், அதுவே வழிகாட்டியாகும்.

புதுக் கம்பி பல நுண்ணிழைகள் கொண்டதாதல் வேண்டும். வளையும் இடத்தில் ஈயப்பற்று இடலாகாது. பற்றிட்ட இடம் விறைப்பதால், அதன் ஓரத்திலேயே கம்பி ஒடியும். துளையின் விளிம்புக்கு இறப்பர் வளையம் இடுக. நெம்பு எல்லாக் கியர்களுக்கும் சென்று மீளுமாறு சிறிது தளர்ச்சி விடுக. ஆயின், சுழலும் தண்டையோ சூடான புகைக்குழாயையோ தொடுமளவுக்கு விடற்க. வெள்ளைக் கம்பியிலிருந்து பிரியும் இடத்திலேயே உருகியொன்றைச் சேர்த்தல் மிகவும் நன்று. நிறத்தையும் பழைய முறைப்படியே பேணுக. நாளை அக்காரைத் திருத்துபவருக்கு நாம் விட்டுச்செல்லும் மொழி அதுவே.

மற்றுமொன்று: உயர்ந்த கியர்களில் மட்டும் ஓட்டத்தை விடும் ஆளியொன்று கியர்ப்பெட்டியில் உண்டு. வேலையெளிமை கருதி அதனை விலக்கி நேரே இணைப்போர் உளர். ஓவர்ட்றைவ் இயங்கும் நிலையிற் கார் பின்னோக்கிச் செலுத்தப்படின், ஒருதிசையில் மட்டும் சுழலவல்ல அதன் உட்சில்லு உடைந்துவிடும். ஆதலின் அவ்வாளி அதன் இடத்திலேயே இருத்தல் வேண்டும்.

வேலை முடிந்து உறையை மூடியபின் இவற்றுள் ஒன்றும் கண்ணுக்குப் புலப்படாது. இறப்பர் வளையத்தை இட்டவரையும் இடாதவரையும் அன்று வேறுபடுத்திக் காணல் அரிது. ஆண்டுகள் சென்றபின், அவ்வேறுபாட்டைக் கார் தானே காட்டும்.